தலைப்பாகைக்கு இடம் விட்ட தெர்மாகோல்

நாகர்கோவில் வாழைக்குலைச் சந்தையில் தங்கப்பனைத் தெரியாத ஒருவர் இருந்தால், அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்தைக்கு வந்திருக்க வேண்டும். வந்த பத்தாவது நிமிடம் அவருக்கும் தெரிந்துவிடும். லாரியைச் சுற்றி நாலு பேர் சொந்த வேலையை விட்டுவிட்டு வாய் பார்த்துக்கொண்டு நின்றால், நடுவில் தங்கப்பன் குலை பிடிக்கிறார் என்று அர்த்தம்.

ஐம்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, மடித்துக் கட்டிய கைலி, தோளில் துவர்த்து என்கிற ஒரு துண்டு. லாரிக்கு மேலே முத்துநாயகம் நிற்பார். தங்கப்பனைவிட இரண்டு வயது இளையவர், இருபது வருடக் கூட்டாளி. மற்றவர்கள் குலையை ஒவ்வொன்றாகத் தோளில் வாங்கி முக்கி முனகி இறக்குவார்கள். இவர்கள் இருவருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. முத்துநாயகம் காம்பைப் பிடித்துத் தூக்கி அப்படியே கீழே விடுவார். ஏத்தன், அதாவது நேந்திரன் குலை என்றால் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. அது தரையில் விழுந்தால் பாதிக் காய் நசுங்கும்.

தங்கப்பன் விட மாட்டார். அவர் கைகள் மேலே போய்க் குலையை வழியிலேயே சந்திக்கும். ஆனால் பிடித்த இடத்தில் நிற்காது. குலையோடு கூடவே கையும் இறங்கும், முழங்கால் மடியும், இடுப்பு பின்னால் போகும். கடைசியில் தரையில் பரப்பிய வாழைச்சருகுக்கு மேல் குலை வந்து படுக்கும்போது, உறங்கிய பிள்ளையைப் பாயில் கிடத்தியது போலிருக்கும். மட்டிப்பழம் என்று ஒன்று உண்டு, எங்கள் மாவட்டத்துச் செல்லப்பிள்ளை. ரொம்ப ரோஷக்காரப் பழம். கொஞ்சம் இடித்தால் போதும், மறுநாள் கறுத்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த மட்டிகூடத் தங்கப்பனிடம் கோபித்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை.

இதில் என்ன சூட்சுமம் என்று யாராவது கேட்டால் அவருக்குப் பெருமை தாங்காது. "ஒரு சூட்சுமமும் இல்ல கேட்டியா. குலைய எதிர்த்து நிக்கப்பிடாது. அது வாற வழியில நாமளும் கூட கொஞ்ச தூரம் போணும். போயிப் போயி பைய நிப்பாட்டணும். அவ்வளவுதான்" என்பார். சொல்லும்போது கை இரண்டும் தானாகவே இறங்கும்.

இதையே அவருடைய மகள் நந்தனா வேறு பாஷையில் சொல்வாள். கட்டிக்கொடுத்த இடம் திருவட்டாறு. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். உந்தம், கணத்தாக்கு என்று பாடம் வரும்போது, வருடா வருடம் அவள் வகுப்பில் அப்பாதான் உதாரணம். விழுகிற குலையிடம் ஒரு வேகம் இருக்கிறது, நிற்க வேண்டுமென்றால் அது முழுவதும் போயாக வேண்டும், தரையும் அதைப் போக்குகிறது, எங்கள் அப்பாவும் போக்குகிறார். தரை கண நேரத்தில் போக்குவதால் அடி பலமாக விழுகிறது, அப்பா நேரம் எடுத்துப் போக்குவதால் அடி மெதுவாக விழுகிறது, கணக்கு இரண்டிலும் ஒன்றுதான் என்பாள். பிள்ளைகள் கைதட்டுவார்களாம். தங்கப்பன் இதைச் சந்தையில் ஒரு ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார்.

இப்படிப்பட்ட மனிதர் தன் தலை விஷயத்தில் என்ன செய்தார் என்பதைக் கேளுங்கள்.

தங்கப்பன் அய்யா வழிக்காரர், அய்யாவைத் தெய்வமாகக் கும்பிடுகிற கூட்டம். ஞாயிறு தவறாமல், எட்டு கிலோமீட்டர் தள்ளி அப்பா பிறந்த ஊரில் இருக்கும் நிழல்தாங்கல் என்ற அய்யா கோயிலுக்குக் கும்பிடப் போவார். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். கருவறைபோல இருக்கும் பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடிதான் இருக்கும். அதன் முன்னால் நின்றால் தலைப்பாகையோடு தெரிவது உங்கள் உருவமேதான். பெரும்பாலானவர்கள் வாசலில் வந்து தலைப்பாகை கட்டிக்கொள்வார்கள். தங்கப்பன் வீட்டிலேயே கட்டிவிடுவார். அது அவர் அப்பா வைத்துவிட்டுப் போன சட்டம்.

"நம்ம ஆளுக தலையில துணி கட்டப்பிடாதுன்னு ஒரு காலம் இருந்துதாக்கும். அய்யாதான் கட்டுடான்னு சொன்னாரு. வீட்டுல கட்டினா வீட்டுல வந்துதான் அவுக்கணும். நடு வழியில எவன் முன்னாலயும் அவுக்கப்பிடாது" என்பார் அப்பா. சாகும்வரை அப்படியே செய்தார். வெள்ளைத் தலைப்பாகையோடு மூன்று ஊர்த் தெரு வழியாக நடந்து போய், நடந்து வருவார்.

தங்கப்பன் ஸ்கூட்டரில் போனார். தலைப்பாகை மட்டும் அதேதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திப்பில் நின்ற போலீஸ்காரர் மரியாதையாகத்தான் நிறுத்தினார். "அண்ணாச்சி, கும்பிட போறிய, செரி. அடுத்த வாரம் ஹெல்மெட் போட்டுட்டு வாங்க" என்றார். சிங்குமாருக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டே என்று தங்கப்பன் கேட்டுப் பார்த்தார். நீங்க சிங்கா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

கடையில் இருந்ததிலேயே பெரிய ஹெல்மெட்டாக வாங்கினார். தலைப்பாகைக்கு மேல் அது பாதிதான் இறங்கியது. இரண்டு நாள் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே துணி, துணிக்குப் பின்னால் வெள்ளையாகத் தெர்மாகோல். டிவி பெட்டி வாங்கினால் கூடவே வருகிற சாமானல்லவா இது என்று தோன்றியது. குலையிலிருந்து சீப்பு வெட்டுகிற கத்தியை எடுத்தார். பலாச்சுளை எடுப்பதுபோல் விளிம்பைச் சுற்றிக் கீறித் தெர்மாகோல் முழுவதையும் நோண்டி எடுத்துக் குப்பையில் போட்டார். ஹெல்மெட் தலைப்பாகைக்கு மேல் அம்சமாக உட்கார்ந்தது. அப்பாவின் சட்டமும் மீறவில்லை, அரசாங்கத்தின் சட்டமும் மீறவில்லை. அன்று இரவு அவர் நிம்மதியாக உறங்கினார்.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. முத்துநாயகமும் அதே தாங்கலுக்கு வருகிறவர்தான். சரி, நமக்கும் ஒன்று நோண்டித் தாருங்கள் அண்ணாச்சி என்று அவரும் கேட்டார். சனிக்கிழமை லோடு இறக்கி முடிந்ததும் செய்து தருவதாகத் தங்கப்பன் வாக்குக் கொடுத்தார்.

அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நந்தனா வந்தாள். வந்தவள் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது, அப்பாவின் வண்டியில் தொங்கிய ஹெல்மெட் அவள் கை பட்டுக் கீழே விழுந்தது. எடுத்தாள். உள்ளே வெறும் ஓடாக இருந்தது. விரலால் தட்டினாள். தேங்காய்ச் சிரட்டையைத் தட்டியது போலச் சத்தம் வந்தது.

"அப்பா, இதுக்குள்ள இருந்த தெர்மாகோல் எங்க?"

"அதையா கேக்க? நான்தான் எடுத்தேன். தலைப்பாகைக்கு இடம் வேணும்லா" என்றார் தங்கப்பன், பாராட்டை எதிர்பார்த்து.

நந்தனா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு வருஷமா இப்பிடியா ஓட்டுதிய?"

"ஏன் மக்கா? ஓடு இருக்குல்லா. சுத்தியல் வச்சு அடிச்சாலும் உடையாத ஓடாக்கும். தெர்மாகோல் என்ன, நகம் வச்சு சுரண்டினா வருது. அது என்னத்த காப்பாத்தும்?"

"சுரண்டினா வருதுல்லா, அதுனாலதான் காப்பாத்தும். ரோட்டுல விழுந்தா இந்த ஓடு டக்குனு நின்னுரும். உள்ள இருக்க தலை நிக்குமா? வந்த வேகத்துல போயி ஓட்டுல இடிக்கும். நடுவுல தெர்மாகோல் இருந்தா அது நசுங்கிக் குடுக்கும். தலை பைய நிக்கும். நீங்க குலைய பிடிக்கதும் அதே வேலைதானே அப்பா? எல்லா வருஷமும் நான் ஒங்களத்தானே பிள்ளைகளுக்கு சொல்லிக்குடுக்கேன்!"

தங்கப்பன் விடவில்லை. "அதுக்குத்தானே தலைப்பாகை இருக்கு? நாலு முழம் துணி. ஒன் தெர்மாகோல விட கட்டி."

"இறுக்கிக் கட்டின துணி ஏற்கெனவே நசுங்கியாச்சு. இனி அதுல நசுங்க என்ன இருக்கு? சரி, ஞாயித்துக்கிழமை தலைப்பாகை. மத்த ஆறு நாளும் உள்ள என்ன வச்சுருக்கிய?"

மற்ற ஆறு நாளைப் பற்றித் தங்கப்பன் யோசித்ததே இல்லை. வெறும் ஓடு தலையில் லொடலொடவென்று ஆடும். காற்றோட்டமாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தார். பதில் இல்லாதவனுக்குக் கோபம்தானே கைகொடுக்கும்? "முப்பது வருஷமா வண்டில இருந்து விழாத ஆளாக்கும் நான்! நாளைக்கு சந்தைக்கு வா. லாரி மேல இருந்து போட்டுப் பாப்போம். ஒன் ஹெல்மெட்டையும் கொண்டா, என் ஹெல்மெட்டையும் போடுவோம். குலை விழுற இடத்துல வச்சு பேசுவோம்."

அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி செல்லக்கனி, "போடணும்னா உள்ள தலை வேணும்லா? நம்ம மரத்துல பப்பாளி ரெண்டு செங்காயா நிக்கி. பறிச்சுக் கொண்டு வாறேன்" என்றாள்.

"பப்பாளியும் என் தலையும் ஒண்ணா?"

"ஒண்ணில்ல. பப்பாளிக்குள்ள விதையாவது இருக்கு."

மறுநாள் காலை பத்து மணிக்கு லோடு இறக்கி முடிந்தது. முத்துநாயகத்தின் ஹெல்மெட் பையோடு லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் காத்திருந்தது. சீப்புக் கத்தி தங்கப்பனின் இடுப்பில் தயாராக இருந்தது. விஷயம் பரவிச் சந்தையே கூடிவிட்டது. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

ஒரே மரத்தில் ஒரே நேரம் பறித்த இரண்டு பப்பாளி. ஒன்றை நந்தனாவின் ஹெல்மெட்டுக்குள் கச்சிதமாக நுழைத்து வாரைப் பூட்டினார்கள். இன்னொன்றுக்குத் தலைப்பாகை வேண்டும். கும்பிடுகிற துணியைத் தொட விடமாட்டேன் என்று சொல்லித் தங்கப்பன் தன் தோளில் கிடந்த துவர்த்தை எடுத்து, தலைப்பாகை கட்டும் அதே முறையில் பப்பாளிக்குச் சுற்றிக் கட்டினார். கட்டி முடித்துக் கொஞ்சம் தள்ளி நின்று அழகு பார்த்தார். "மாப்பிள மாதிரில்லா இருக்கு!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தங்கப்பனும் சிரித்தார். அதையும் ஓட்டுக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

சருகை ஒதுக்கிச் சிமெண்ட் தரையில் ஒரு வட்டம் போட்டாள் நந்தனா. முத்துநாயகம் லாரி விளிம்பில் நின்று முதலில் நந்தனாவின் ஹெல்மெட்டைத் தலைகீழாக, உச்சி தரையில் படும்படி விட்டார். தொப்பென்று விழுந்து உருண்டது. திறந்து பார்த்தால் பப்பாளி ஒரு பக்கம் லேசாகக் கன்றியிருந்தது. அவ்வளவுதான்.

அடுத்து தங்கப்பனின் ஹெல்மெட்.

அது விழுந்தபோது வந்த சத்தம் வேறு. டக் என்று ஒரு சத்தம், அதற்குள்ளேயே இன்னொரு சத்தம். வாரை அவிழ்த்தார்கள். துவர்த்து நனைந்திருந்தது. பப்பாளி உச்சியிலிருந்து பாதிவரை பிளந்து, கறுப்பு விதைகள் ஓட்டின் உட்பக்கம் முழுவதும் ஒட்டிக்கிடந்தன. ஓட்டுக்கு வெளியே ஒரு கீறல் இல்லை.

"அண்ணாச்சி, ஓடு நல்ல ஓடுதான், கேட்டியளா!" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சிரிப்பு எழுந்து பாதியில் அடங்கிவிட்டது. செல்லக்கனி சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பப்பாளியைப் பார்க்காமல் புருஷனின் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிளந்த பழம் தங்கப்பனை அசைத்துவிடவில்லை. தினம் பத்துப் பழம் பிளப்பதைப் பார்க்கிறவர்தான். அந்த இரண்டாவது சத்தம்தான் அவரை என்னவோ செய்தது. குலை வெறுந்தரையில் விழுகிற சத்தம் அது. அந்தச் சத்தம் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் முப்பது வருடம் முழங்காலை மடித்து, இடுப்பை ஒடித்து, தரையெல்லாம் சருகு பரப்பிப் பிழைத்திருக்கிறார். மட்டிப்பழத்துக்குச் சருகு போட்டவர் தன் தலைக்கு இருந்த சருகைத் தானே கத்தி வைத்துச் சுரண்டி எடுத்திருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. லாரிச் சக்கரத்துப் பக்கம் பையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். இன்னும் ஒரு மணி நேரத்தில் முத்துநாயகத்தின் தலைக்கும் இதையே செய்திருப்பார், அதுவும் நட்புக்காக.

இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மூடினார். "லே முத்து, ஒன் ஹெல்மெட்ட அப்பிடியே வீட்டுக்குக் கொண்டுபோ. நான் ஒரு மடையன்" என்றார்.

"அண்ணாச்சி, அத விடுங்க" என்று முத்துநாயகம் மேலேயிருந்து குதித்தார்.

நந்தனா தன் ஹெல்மெட்டின் உள்துணியை விலக்கிக் காட்டினாள். உச்சியில் தெர்மாகோல் கட்டைவிரல் அளவுக்குக் குழிந்திருந்தது. இது நசுங்கியதால்தான் பழம் பிழைத்தது, ஒரு தடவை வேலை செய்துவிட்டால் பிறகு இதை நம்பக் கூடாது என்றாள். தங்கப்பன் அந்தக் குழியில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். சாயங்காலம் மகளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று இரண்டு புது ஹெல்மெட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

விடியற்காலையில் குளித்து, நெற்றியில் நாமம் இட்டு, வெள்ளைத் துணியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார் தங்கப்பன். புது ஹெல்மெட் பக்கத்தில் இருந்தது. இரண்டும் ஒரு தலையில் ஏறாது. துணியைப் பையில் போட்டுக்கொண்டு போய்த் தாங்கல் வாசலில் கட்டினால் என்ன? ஊரெல்லாம் அப்படித்தான் செய்கிறது, அய்யா ஒன்றும் கோபிக்கப்போவதில்லை. ஆனால் அப்பாவின் முகம் வந்து வந்து போனது. செத்துப் பதினொரு வருடம் ஆனவரிடம் எப்படிப் போய் அனுமதி கேட்பது?

செல்லக்கனி காப்பியோடு வந்தாள். பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்தாள்.

"வீட்டுல கட்டி வீட்டுலதான் அவுக்கணும்னு மாமா எதுக்குச் சொன்னாவ?"

"எவன் முன்னாலயும் அவுக்கப்பிடாதுன்னு."

"அவுக்கப்பிடாதுங்கது செரி. கட்டிட்டு எங்க போனாவ? ஊரு பாக்க, மூணு ஊருத் தெரு வழியா நடந்து போனாவ. எல்லாரும் பாக்கட்டும்னுதானே? இந்த ரெண்டு வருஷமா ஒங்க தலைப்பாகைய ரோட்டுல ஒரு ஆளாவது கண்டிருக்குமா? சட்டிக்குள்ள போட்டு மூடிட்டுல்லா போனிய. அதுக்கு அவுத்துட்டே போயிருக்கலாம்."

தங்கப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருடமாகக் குலை பிடிக்கிறவர்தான். இந்த ஒன்று நேராக வந்து நெஞ்சில் இறங்கியது. அப்பா எதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாரோ, அதை ஒளித்துவைக்கத்தான் அவர் அவ்வளவு பாடுபட்டுத் தெர்மாகோலை நோண்டியிருக்கிறார்.

"அஞ்சே முக்காலுக்கு பஸ் உண்டு" என்றாள் செல்லக்கனி. "காப்பியக் குடிச்சுட்டுக் கட்டுங்க."

வழக்கத்தைவிட நிதானமாகக் கட்டினார். கட்டிக்கொண்டிருக்கும்போதே முத்துநாயகத்துக்குப் போன் செய்து, வண்டியை எடுக்காதே, வீட்டிலேயே கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வா என்றார். தெருவில் இறங்கி நடந்தபோது பால்காரர் வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார். கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். தங்கப்பனுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பத்து வீடு தாண்டியதும் கூச்சம் போய்விட்டது.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. தலைப்பாகை கூரையில் இடிக்காமல் இருவரும் டிரைவருக்குப் பின்னால் போய் நின்றார்கள். வளைவில் ஒரு ஆடு குறுக்கே ஓடியது. டிரைவர் பிரேக்கை அழுத்த, நின்றவர்கள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். தங்கப்பன் எதிர்த்து நிற்கவில்லை. முழங்காலை மடித்து, வந்த வேகத்தோடு இரண்டடி கூடவே போய், போகிற போக்கில் முத்துநாயகத்தின் தோளையும் பிடித்துக்கொண்டு, பைய நின்றார். தலைப்பாகை ஒரு மடிப்பும் கலையவில்லை.

நிமிர்ந்தபோது டிரைவருக்கு மேலே இருந்த பெரிய கண்ணாடி எதிரே தெரிந்தது. அதில் பஸ் முழுவதும் இருந்தது. பூக்கூடைக்காரி, பையோடு ஊருக்குப் போகும் கல்லூரிப் பிள்ளைகள், தூங்குகிற ஒரு கிழவர். அவர்களுக்கு நடுவில், எல்லோரும் பார்க்க, இரண்டு வெள்ளைத் தலைப்பாகை. வழக்கமாகத் தாங்கலுக்குள் போய்த்தான் தங்கப்பன் இந்த முகத்தைப் பார்ப்பார். இன்றைக்கு எட்டு கிலோமீட்டர் முன்னாலேயே பார்த்துவிட்டார். நாமத்துக்குக் கீழே இருந்த கண் இரண்டும் அச்சாக அப்பாவுடையவை. கம்பியைப் பிடித்திருந்த கை கும்பிடப் போனது.

"அண்ணாச்சி, கம்பிய விட்டுராதிய" என்றார் கண்டக்டர். "எங்க போணும்?"

"தாங்கலுக்கு" என்றார் தங்கப்பன். "ரெண்டு பேரு."